அந்தக் குளிர்காலத்து ஸ்கோர்

இல்லைத் தம்பி, தொப்பியைக் கழட்ட வேண்டாம். நான் குறையாச் சொல்லேல்லை. அந்த இலைப் படத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா கிடக்காது, அவ்வளவுதான். ரெயிலிலை இவ்வளவு சீற் வெறுமையாக் கிடக்க இந்த மனுசன் ஏன் எனக்குப் பக்கத்திலை வந்து குந்தினவர் எண்டு நீர் யோசிச்சிருப்பீர். தொப்பியைப் பாத்துத்தான் வந்தனான். ரொறன்ரோவோ? பாத்தீரோ, எனக்குத் தெரியும். இஞ்சத்தைப் பெடியள் உதைப் போட்டால் அது ஸ்ரைலுக்கு. உம்மட தொப்பி தோய்ச்சுத் தோய்ச்சு நூல் எழும்பிப் போய்க் கிடக்கு. அது தோத்தாலும் போடுறவன்ரை தொப்பி.

எங்கை, ஸ்டோவ்னருக்கோ? பெரியம்மா வீட்டையோ. ஓ, கலியாணத்துக்கு வந்தனீர். நல்லது, நல்லது. நான் ரொம்சோஸிலை இறங்குவன், உமக்கு ரெண்டு ஸ்டேசன் முன்னம். ஒரு இருவது நிமிசம் கிடக்கு. என்ரை பேர் யோகலிங்கம். இஞ்சை ஒஸ்லோவிலை தொயன் பக்கம் இருக்கிறன். ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கிற இடத்திலை வேலை, இருவது வருசமாச்சு. நான் கதைக்கிறது விளங்குதுதானே? அங்கை பிறந்த பிள்ளையள் சிலதுக்கு நாங்கள் கெதியாக் கதைச்சால் பிடிபடாது. சரி, சரி, உமக்கு வடிவா விளங்குது.

உம்மட்டை ஒரு கேள்வி கேக்கோணும். இப்ப வேண்டாம், பிறகு கேக்கிறன். முதல் இதைச் சொல்லும், நேற்று ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி ரீமுக்கு என்ன நடந்தது?

பாக்கேல்லையோ. கலியாண வீட்டுக்கு வந்த இடத்திலை எங்கை பாக்கிறது. நான் சொல்லுறன். தோத்திட்டினம். உங்கட சனிக்கிழமை இரவு விளையாட்டு எங்களுக்கு ஞாயிறு விடியத்தான் முடியும். நான் எழும்பினவுடன சாமிப்படத்துக்கு விளக்கு வைக்க முதல் ரெக்ஸ்ற் ரீவியைத்தான் அமத்திறது. கறுப்புத் திரையிலை மஞ்சள் எழுத்து. ஒரு வரிதான் இருக்கும், ரொறன்ரோ இத்தினை, மற்றவன் இத்தினை. அந்த ஒரு வரியை வைச்சு நான் முழு விளையாட்டையும் சொல்லிப் போடுவன். ரெண்டு கோல் முன்னுக்கு நிண்டிருப்பினம். கடைசி இருவது நிமிசத்திலை பின்னுக்கு நிக்கிறவங்கள் எல்லாரும் பக்குக்கு, அந்த ரப்பர் வட்டுக்குப் பின்னாலை ஓடியிருப்பாங்கள். கோல் காக்கிற கோலி தனிச்சு நிண்டிருப்பான். பேந்து அவனைத்தான் எல்லாரும் பேசியிருப்பினம். இல்லையோ? சொல்லும், இல்லையோ?

சிரிக்கிறீர். சிரியும். அறுபத்தேழிலை கடைசியாக் கோப்பை எடுத்தவை. அப்ப எனக்குப் பதினாலு வயது, ஐஸ் எண்டால் ஐஸ்பழம் மட்டும்தான் தெரியும். நாப்பது வருசம் தம்பி. நாப்பது வருசமா ஒரு ரீம் அடுத்த முறை, அடுத்த முறை எண்டு சொல்லுது, சனமும் காசைக் குடுத்துப் போட்டுப் போய் இருக்குது. ஒரு கதிரை காலியில்லை. பேந்து அவங்கள் ஏன் திருந்தப் போறாங்கள்? தோத்தாலும் சனம் வரும் எண்டு தெரிஞ்சால் ஆருக்குத் தம்பி வெல்லோணும் எண்டு இருக்கும்? பலன் முடிஞ்ச கிழடுகளைப் பெரிய விலை குடுத்து வாங்கிறது, நல்ல இளம் பெடியளை வித்துப் போடுறது. மொன்றியல்காரனைப் பாரும். அவனும் இப்ப கொஞ்சக் காலமாச் சரியில்லைத்தான், ஆனால் அவனுக்குச் சொல்லுறதுக்கு இருவதுக்கு மேலை கோப்பை இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? பழைய படம் இருக்கு. அதுவும் கறுப்பு வெள்ளை.

பேஸ்போல் பாப்பீரோ? எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது, ஆனால் எல்லாம் தெரியும். முழு நாளும் நிக்கிறான்கள். ஒருத்தன் எறிவான், மற்றவன் அடிக்காமல் நிப்பான், துப்புவான், தொப்பியைச் சரிப்பண்ணுவான். எங்கட கிரிக்கெற் மாதிரி எண்டு சொல்லுவினம், மண்ணாங்கட்டி. கிரிக்கெற்றிலை ஓடினால் ஓட்டம். இதிலை ஒருத்தன் ரெண்டு இடம் தாண்டி மூண்டாம் இடம் வரைக்கும் வந்து நிண்டாலும், துடங்கின இடத்துக்கு, அதை வீடு எண்டுவினம், அந்த வீட்டுக்கு வந்து சேராட்டில் ஒரு புள்ளியும் இல்லை. வந்த தூரத்துக்கு ஒரு கணக்கும் இல்லை. என்ன விளையாட்டு அது? உங்கட புளூ ஜேஸ் தொண்ணூற்றிரண்டிலையும் மூண்டிலையும் அடுத்தடுத்து வெண்டவை, ஓம், அதை நான் மறைக்கேல்லை. ஆனால் ரெண்டாயிரத்து நாலைப் பாரும், அவையின்ரை பிரிவிலை ஆகக் கடைசி. அதே வருசம் பொஸ்டன்காரன் எம்பத்தாறு வருசத்துக்குப் பிறகு வெண்டான். எம்பத்தாறு வருசம். பாத்துக்கொண்டிருந்த எத்தினை கிழவன்மார் அதைக் காணாமல் செத்திருப்பினம். சனம் அதைப் பெரிய சந்தோசமாச் சொல்லுது. எனக்கு அந்தக் கிழவன்மாரைத்தான் ஞாபகம் வரும்.

இது கார்ல் பேர்னர். இல்லை, இன்னும் கனக்க ஸ்டேசன் கிடக்கு, நீர் பயப்படாதையும். நான் சொல்லுறன்.

ஒஸ்லோவிலை இருந்துகொண்டு உந்தக் கிழவனுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும் எண்டுதானே பாக்கிறீர்? மகள்தான். சோபிகா. ஒரே பிள்ளை. ரொறன்ரோவிலைதான் கட்டிக் குடுத்தது, ரெண்டாயிரத்து மூண்டு ஆவணியிலை. ஸ்காபரோ. உம்மட பக்கமோ? இடத்தைச் சொன்னால் நீர் அந்த வீட்டாக்களை அறிஞ்சிருக்கவும் கூடும், அதாலை நான் சொல்லேல்லை.

அவவுக்குச் சின்னனிலை இருந்து உந்த விசர். பள்ளிக்கூடத்தாலை சறுக்கக் கூட்டிக்கொண்டு போறவை, அங்கை பிடிச்சது. பதினொரு வயதிலை வந்து கேட்டவ, அப்பா நான் ஹொக்கி விளையாடட்டோ எண்டு. நான் பொம்பிளைப் பிள்ளை தடியும் பிடிச்சுக்கொண்டு ஆம்பிளையளோட இடிபடுறதோ எண்டு பேசி விட்டிட்டன். பேந்து அவ கேக்கேல்லை. சிநேகிதப் பிள்ளையளோட யோர்டால் அரங்குக்குப் போய் எங்கட ஒஸ்லோ ரீம் வோலரெங்கா விளையாடுறதைப் பாப்பா. சிவப்பும் நீலமுமா ஒரு கழுத்துச் சால்வை. தொண்டை கட்டிப் போய் வருவா, என்ரை மனுசி மல்லித்தண்ணி வைச்சுக் குடுப்பா. நான் அந்த ஸ்கோரை ஒரு நாளும் கேட்டதில்லை.

ரொறன்ரோச் சம்பந்தம் வரேக்கை பிள்ளைக்குப் பெரிய விருப்பம் இல்லை. படிப்பு இன்னும் ஒரு வருசம் கிடந்தது. நான்தான் பகிடியாச் சொன்னன், அங்கை போனால் உலகத்திலை ஆகத் திறமான ஹொக்கியை வீட்டு வாசல்லை பாக்கலாம், இதென்ன வோலரெங்கா எண்டு. சிரிச்சவ. சிரிச்சால் சம்மதம் எண்டுதானே நாங்கள் எடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு நான் போன் காட் போட்டு அவவுக்கு எடுக்கிறது. அங்கை காலமை ஒன்பது. மருமகனுக்கு ஞாயிறும் வேலை. மாமிக்காரிதான் வீட்டிலை இருப்பா, எடுத்து ஸ்பீக்கரிலை போட்டு விடுவா. எல்லாரும் கேக்கட்டுமன், ஒளிவு மறைவு என்ன கிடக்கு எண்டு சொல்லுவா. எனக்கும் அது நல்ல குடும்பத்து வழக்கமாத்தான் பட்டது. ஆனால் எல்லாரும் கேக்கேக்கை என்னத்தைத் தம்பி கதைக்கிறது? சாப்பிட்டியோ, குளிரோ, மாமிக்கு முழங்கால் எப்பிடி. மூண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும். காட்டிலை நாப்பது நிமிசம் கிடக்கும். அப்பதான் பிள்ளை ஹொக்கி சொல்லத் துடங்கினவ. எனக்கும் அது வாய்க்குச் சுகமாக் கிடந்தது. ஒரு அப்பனும் மகளும் கதைக்க ஒரு கதை கிடைச்சிது.

முதல் குளிர்காலம் நல்ல ரீம். உமக்குத் தெரியும், நூறு புள்ளிக்கு மேலை எடுத்தவை. பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு நேரை பாக்கிற மாதிரி இருக்கும். மே மாசத்திலை பிலடெல்பியாக்காரனிட்டை மேலதிக நேரத்திலை தோத்து வெளியிலை வந்தவை. அண்டைக்குப் பிள்ளை போனிலை அழுதவ. விளையாட்டுக்கு ஆரும் அழுவினமோ, விசரி எண்டு நான் பேசினன். அந்தக் கோடையிலை பேஸ்போல். வீட்டுக்கு வந்து சேராட்டில் கணக்கில்லை எண்டு சொன்னன் பாரும், அதை விளங்கப்படுத்தினதும் அவதான்.

பேந்து ரெண்டாயிரத்து நாலு ஒக்ரோபர். ஹொக்கி திரும்பத் துடங்கிச்சுது. சனியனே எண்டு எல்லாம் தோல்வி. ஆறுக்கு ஒண்டு. அடுத்த கிழமை ஏழுக்கு ரெண்டு. ஒரு ஞாயிறு கேட்டால் அப்பா, இந்தக் கிழமை மூண்டு தரம் தோத்தது எண்டு சொன்னா. மார்கழியிலை ஒருக்கா, கோலிக்குக் கை முறிஞ்சு போச்சு, கட்டுப் போட்டுக் கிடக்கு எண்டா. நான் சொன்னன், அப்ப மற்றக் கோலியை இறக்கிறதுதானே எண்டு. மற்றக் கோலி இல்லை அப்பா, ஒராள்தான் எண்டா. என்ன ரீம் நடத்திறாங்கள் எண்டு எனக்குச் சரியான கோவம். வேலையிடத்திலை எல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

மனுசி பக்கத்திலை நிண்டு, பிள்ளையின்ரை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு, போனை என்னட்டைத் தாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவ. பொறும், ஸ்கோர் கேட்டு முடிக்கட்டும் எண்டனான்.

தை மாசத்திலை பிள்ளை கேட்டவ, அப்பா நான் இந்த ரீமை விட்டிட்டுத் திரும்பவும் வோலரெங்காவுக்கே போகட்டோ எண்டு. நான் சிரிச்சன் தம்பி. நல்லாச் சத்தமாச் சிரிச்சன். ஒரு ரீமைப் பிடிச்சால் வெண்டாலும் தோத்தாலும் அதோடதான், நடுவிலை விட்டிட்டு வாறவையை நாலு பேர் என்ன சொல்லுவினம், பொறுத்திரு, அடுத்த வருசம் எல்லாம் சரிவரும் எண்டன். அந்தப் பக்கத்திலை மாமிக்காரியும் சிரிச்சுக் கேட்டது. உங்கட அப்பா சரியாத்தான் சொல்லுறார் எண்டா.

வெய்த்வெத் ஸ்டேசன் போச்சுதோ? போச்சுது. இன்னும் கொஞ்சம்தான்.

நீர் ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? ஓம். உமக்கு விளங்கீட்டுது. நீர் அந்த ஊர்ப் பெடியன், உமக்கு ஒக்ரோபர் எண்டவுடனயே விளங்கியிருக்கும், மரியாதைக்குப் பேசாமல் இருந்தனீர். எனக்கு மாசி மாசம்தான் விளங்கினது. எங்கட வேலையிலை ரூனெ எண்டு ஒரு நொர்வேஜியன், ஹொக்கிப் பைத்தியம். சாப்பாட்டு நேரம் நான் பெரிய ஆள் மாதிரி அவனுக்குச் சொல்லுறன், சனிக்கிழமையும் ரொறன்ரோ ஆறுக்கு ஒண்டு எண்டு தோத்துப் போச்சு, கோலி சரியில்லை எண்டு. அவன் பாணைக் கையிலை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தான். எந்த விளையாட்டு எண்டு கேட்டான். இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கை ஒரு விளையாட்டும் இல்லை, சம்பளப் பிரச்சினையிலை முதலாளிமார் கதவைப் பூட்டிப் போட்டாங்கள், விளையாடுறவங்கள் எல்லாம் ஐரோப்பாவுக்கு வந்திட்டாங்கள், இஞ்சை யோர்டாலிலையும் ஒருத்தன் விளையாடுறான், நீ எங்கை பாத்தனீ எண்டான். மேசையிலை இருந்த எல்லாரும் சிரிச்சுது. ரெண்டு கிழமைக்கு என்னைக் காணுறவன் எல்லாம் ஸ்கோர் கேட்டான்.

நீர் நினைப்பீர், அந்த இடத்திலை எனக்கு நெஞ்சு பதறியிருக்கும், பிள்ளைக்கு என்னவோ எண்டு யோசிச்சிருப்பன் எண்டு. இல்லை. எனக்கு வெக்கம். ஆக்களுக்கு முன்னாலை என்னை விசரனாக்கிப் போட்டாள் எண்டு கோவம். அந்தக் கோவத்தை நாலு நாள் பத்திரமா வைச்சிருந்தன். ஞாயிறு மூண்டு மணிக்கு எடுத்தன். சாப்பிட்டியோ எண்டும் கேக்கேல்லை. நடக்காத விளையாட்டுக்கு நாலு மாசமா ஸ்கோர் சொல்லி அப்பனை ஏமாத்தினனியோ, அப்ப நீ எனக்குச் சொன்னது என்ன, ஆற்றை கை முறிஞ்சது, ஆர் தோத்தது எண்டு கத்தினன். ஸ்பீக்கரிலை. ஒவ்வொண்டா, நான்தான் என்ரை வாயாலை அடுக்கிச் சொன்னன்.

பின்னாலை கதிரை இழுபடுற சத்தம் கேட்டது. என்ன பொய், என்ன சொன்னவ உங்களுக்கு எண்டு மாமிக்காரி கிட்ட வந்து கேக்கிறா. அப்பா, வைக்கட்டோ எண்டா பிள்ளை. அதுதான்.

இப்ப என்ரை கேள்வியைக் கேக்கிறன். நல்லா யோசிச்சுச் சொல்லும், அவசரமில்லை. அந்தக் குளிர்காலம் நீர் அங்கைதானே இருந்தனீர்? பதினேழு வயதோ. உமக்குத் தெரியும், உம்மட சிநேகிதருக்குத் தெரியும், அது சரி. நான் கேக்கிறது உம்மட அம்மாவை. உம்மட அம்மா, இல்லாட்டில் அம்மம்மா மாதிரி ஒரு மனுசி. அறுபது வயது. வீடு, கோயில், தமிழ் ரீவி. அப்பிடிப்பட்ட ஆளுக்கு அந்த வருசம் ஹொக்கி நடக்கேல்லை எண்டு தெரிஞ்சிருக்குமோ? கடையிலை, பஸ்ஸிலை சனம் கதைச்சிருக்கும்தானே. பேப்பரிலை பெரிய எழுத்திலை போட்டிருப்பாங்கள்தானே. தெரிஞ்சிருந்தால், பிள்ளை இட்டுக்கட்டிச் சொல்லுறா எண்டு மாமிக்காரிக்கு ஒக்ரோபரிலையே தெரியும். அப்ப நான் புதுசா ஒண்டையும் காட்டிக் குடுக்கேல்லை. அப்ப நடந்தது எப்பிடியும் நடந்திருக்கும். விளங்குதோ நான் கேக்கிறது? உம்மைப் போல ரெண்டு பேரிட்டை முன்னம் கேட்டனான். ஒருத்தர் தெரியாது எண்டார். மற்றவர் என்ரை முகத்தைப் பாத்திட்டு, எல்லாருக்கும் தெரியும் அங்கிள் எண்டார். அதிலை எனக்கு நம்பிக்கை வரேல்லை. நீர் முகத்தைப் பாக்காமல் சொல்லும்.

ம்.

உம்மட அம்மாவுக்கு ஹொக்கி எண்டால் என்னெண்டே தெரியாதோ. இருவது வருசம் இருந்துமோ. நீர் அந்த வருசம் ரீவியிலை வேறை என்னவோ பாக்கேக்கை, ஏன்ரா இண்டைக்கு ஐஸ் விளையாட்டு இல்லையோ எண்டு கேட்டவவோ. எப்ப, மார்கழியிலையோ? மார்கழி முடியேக்கையும் தெரியாது.

ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இல்லை, நீர் மன்னிப்புக் கேக்கிறதுக்கு என்ன கிடக்கு. உள்ளதைச் சொன்னீர். நல்ல பிள்ளை.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை போன் வந்தது. பிள்ளை நிலவறைப் படியிலை விழுந்திட்டா எண்டு சொன்னவை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனதாம், ஆரும் காணேல்லை. தலையிலை பின்பக்கம். எட்டு மாசம் அங்கத்தை ஆஸ்பத்திரியிலை கிடந்து, பேந்துதான் இஞ்சை கொண்டுவர விட்டவை. இப்ப ரொம்சோஸிலை, வயது போனாக்களைப் பராமரிக்கிற இடம். அந்த மாடியிலை எல்லாரும் எம்பது, தொண்ணூறு. இவவுக்கு இருவத்தாறு. கண் முழிச்சுத்தான் கிடப்பா. மனுசி சனிக்கிழமையிலை போவா, நான் ஞாயிறு. சேந்து போறேல்லை. வீட்டிலையும் பெரிசாக் கதை பேச்சு இல்லை.

மலைக்குள்ளை போகுது பாரும். ரொம்சோஸ் ஸ்டேசன் பாறையைக் குடைஞ்சு கட்டினது. நான் எழும்போணும். உமக்கு இன்னும் ரெண்டு. கலியாணத்தைச் சந்தோசமாச் செய்துபோட்டுப் போம்.

மூண்டு மணிக்குப் போய்ப் பக்கத்திலை இருந்து ஸ்கோர் சொல்லுவன். ஒவ்வொரு ஞாயிறும். அவவுக்கு ஒண்டும் விளங்காது, நீங்கள் வீணாக் கதைக்கிறியள் எண்டு அங்கத்தை நேர்ஸ் சொல்லுறா. இருக்கட்டும். அந்தக் குளிர்காலம் அவ சொல்லச் சொல்ல எனக்கும்தானே ஒண்டும் விளங்கேல்லை. எண்டாலும் பிள்ளை ஒரு ஞாயிறும் விடாமல் சொன்னவ.

வாறன் தம்பி. அஞ்சுக்கு ரெண்டு, நேற்று. தோத்திட்டினம். இது நடந்த விளையாட்டு.